நெய்வேலியில் ஒரு பர்மனென்ட் கேமரா

என் மனைவி சுமதியிடம் நான் சொன்ன காரணம் குலதெய்வம். சிங்கப்பூரில் வாழும் ஒரு நடுவயதுக்காரன் தனியாக இந்தியாவுக்குக் கிளம்பினால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரே காரணம் அதுதான். உண்மையான காரணம் நெய்வேலியில், ஒரு ஸ்டுடியோ அலமாரியில், விற்பனைக்குக் காத்திருந்தது. ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர்களும் கல்யாண போட்டோகிராபர்களும் கழுத்து நரம்பு இழுக்கத் தூக்கித் திரிந்த பழைய டிஜிட்டல் கேமரா. அம்மிக் குழவி கனம். நாலே நாலு மெகாபிக்சல். என் சட்டைப்பையில் கிடந்த செல்போனில் பதின்மூன்று இருந்தது.

“அப்புறம் எதற்கு அது?” என்று கேட்பவர்கள் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. இணையத்தில் எங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. பின்லாந்திலிருந்து பிரேசில் வரை ஆட்கள். எல்லோருக்கும் வயது நாற்பதுக்கு மேல், எல்லோருக்கும் முதுகுவலி. புதுக் கேமராவில் எல்லாம் இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை என்பது எங்கள் வேதம். பழைய சென்சாரில் மனிதத் தோலின் நிறம் தேன் மாதிரி வரும் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். எழுதுவோமே தவிர, மனிதர்களை யாரும் படம் எடுப்பதில்லை. செங்கல் சுவரை எடுப்போம், பூனையை எடுப்போம். நான் பத்து வருஷமாக என் பால்கனித் துளசியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். துளசிக்கே சலித்துப்போயிருக்கும்.

என் குலதெய்வம் இருப்பது தூத்துக்குடிப் பக்கம். நெய்வேலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பயபக்தியோடுதான் போய் இறங்கினேன்.

சிங்கப்பூரிலும் நாங்கள் பிளாக்கில்தான் இருக்கிறோம். அங்கே ஒரு பிளாக் என்றால் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கும். ஒரு ஊர் ஜனம் ஒருவர் தலைமேல் ஒருவராகக் குடியிருக்கும். நெய்வேலியிலும் பிளாக் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே அது காலை நீட்டிப் படுத்திருக்கிறது. வேப்பமரம், மாமரம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேலி, திரும்பினால் மறுபடி அதே வேப்பமரம். லாட்ஜிலிருந்து பஜாருக்கு நடந்து போகப் புறப்பட்ட நான், ஒரே வீட்டு நாயிடம் மூன்று முறை குரைப்பு வாங்கினேன். மூன்றாம் முறை அது எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே குரைத்தது.

ஸ்டுடியோக்காரர் பெயர் லூர்துசாமி. போனில் அவர், “ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டதும் வாங்க சார்” என்று சொல்லியிருந்தார். ஃபர்ஸ்ட் என்றால் காலையில் முதலில் வருவது என்று என் பொதுஅறிவு சொன்னது. பல் தேய்த்த கையோடு போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஃபர்ஸ்ட் ஷிஃப்டு இப்பதான் சார் ஏறியிருக்கு. விட மத்தியானம் ஆவும்.”

“மணி எத்தனைக்கு?”

“அதான் சொல்றனே, ஷிஃப்டு விட்டதும்.”

இந்த ஊரில் கடிகாரம் கையில் கட்டுவதற்கு மட்டும்தான். கல்யாணத்துக்கு அழைப்பது, பல்லைப் பிடுங்கிக்கொள்வது, சண்டை போட்டவர்கள் சமாதானமாவது எல்லாமே ஷிஃப்ட் கணக்கில் நடக்கிறது. நான் டீயும் மெதுவடையுமாக உட்கார்ந்திருந்தபோது சுமதி கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தொலைவில் ஷிஃப்ட் சங்கு ஊதியது.

“என்ன சத்தம்?”

“கோயில் சங்கு.”

“இவ்வளவு நீளமா ஊதுறாங்க?”

“விசேஷ பூஜை” என்றேன்.

லூர்துசாமி ஒருவழியாக வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. கல்யாண மண்டபங்களில் அந்தக் கேமராவைச் சுமந்ததால் வந்த தாழ்வு என்று பின்னால் சொன்னார். ஸ்டுடியோவின் உள்சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதற்குக் கீழே ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் துண்டு விரித்து என் கேமரா. ரப்பர் தேய்ந்து, மூலைகளில் கறுப்புப் பெயின்ட் போய் உள்ளிருந்த உலோகம் தெரிந்தது. எங்கள் குழுவில் அந்தத் தேய்மானத்தைப் பார்த்தாலே சிலருக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

“நல்ல கேமராவை ஏன் விக்கிறீங்க?” என்று கேட்டேன். விற்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்விதான்.

“ராசி சார். ராசி தாங்க முடியல.”

கதையைச் சொன்னார். இந்தக் கேமரா வந்த புதிதில், சுரங்கத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்ட பையன்கள் சிலர் இதில்தான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் பர்மனென்ட் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து இதற்குப் பெயர் பர்மனென்ட் கேமரா. இதில் பிடித்தால் பர்மனென்ட், வேறு எதில் பிடித்தாலும் கான்ட்ராக்ட் என்பது ஊர்த் தீர்ப்பு. லூர்துசாமி கைக்கு அடக்கமாகப் புதுக் கேமரா ஒன்று வாங்கியும் வைத்திருந்தார். வாங்கியதோடு சரி. வருகிறவர்கள் உட்காரும் முன்பே, “அண்ணே, அந்தப் பழசுல புடிங்க” என்பார்களாம்.

“நெசமா ராசி இருக்கா?”

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்ப போஸ்டிங் நெறய போட்டுகினு இருந்தாங்க சார். பனை ஓலையில படம் வரைஞ்சு குடுத்திருந்தாலும் வேலை கெடச்சிருக்கும். இத வெளியில சொன்னா எம் பொழப்பு என்னாவுறது?”

“அப்புறம் என்ன கஷ்டம்?”

“வேலை கெடச்சவன் ஒரு லட்டு குடுக்க வரமாட்டான். கெடைக்காதவன் மட்டும் கரெக்டா வந்து நிப்பான். ‘ஏன்ணே, எனக்குப் புடிக்கும்போது மட்டும் என்ன நெனச்சுகினு புடிச்சே?’ம்பான். போன மாசம் ஒருத்தன் அவங்க அம்மாவையே இட்டுகினு வந்து அழ வெச்சிட்டான். நம்மால ஆவாது சார். நீங்க சிங்கப்பூருக்கு எடுத்துகினு போயிடுங்க.”

கேமராவை மாதா படத்துக்கு நேராக ஒருமுறை காட்டிவிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். எடை என் தோளில் இறங்கியதும் அவருடைய தாழ்ந்த தோள் ஒரு விரற்கடை உயர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடும் போட்டார். அவர் மனைவி பச்சை முந்திரியில் குழம்பு வைத்திருந்தார். சிங்கப்பூரில் நாங்கள் முந்திரியைத் தகரடப்பாவில் வாங்கி, விருந்தாளிக்கு எண்ணி வைப்போம். இங்கே கரண்டியில் அள்ளி ஊற்றுகிறார்கள். நான் மூன்றாம் முறை சோறு கேட்டபோது அந்த அம்மா, “கேமராவத் தூக்கணும்ல, நல்லா சாப்புடுங்க” என்றார்.

மறுநாள் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் ரோட்டோரம் பலாப்பழம் குவித்து வைத்திருப்பார்கள் என்று லாட்ஜ் மேனேஜர் சொன்னார். மனிதரை எடுக்கத் தெரியாதவனுக்குப் பலாப்பழம் உசிதமான விஷயம். அது சிரிக்காது, கண்ணை மூடாது.

சிங்கப்பூரில் பஸ் தன் எண்ணைச் சொல்லும், அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும், நாம் தூங்கினால்கூடப் பயண அட்டை கணக்குப் பார்த்துக்கொள்ளும். நெய்வேலியில் ஒரு மரத்தடியில் நாலு பேர் நின்றார்கள், நானும் நின்றேன். பஸ் வந்தது, ஏறினார்கள், நானும் ஏறினேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. இந்தியா முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள், எல்லோர் மடியிலும் சாப்பாட்டு கேரியர் இருந்தது. இந்த ஊர் ஜனங்களுக்கு என்ன ஒற்றுமை என்று அதையும் மெச்சினேன். பக்கத்தில் இருந்தவர் தூங்கி விழுவதற்கு முன், “சார் எந்த ஷிஃப்ட்?” என்று கேட்டார். “டூரிஸ்ட்” என்றேன். அவர் அதையும் ஒரு செக்‌ஷன் என்று நினைத்திருக்க வேண்டும், தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

பஸ் நின்ற இடம் சுரங்கத்தின் வாசல். கேமரா கொண்டுவரக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே, மாரில் பீரங்கி மாதிரி கேமராவைத் தொங்கவிட்டபடி நான் இறங்கினேன்.

செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்தார். பெரிய மீசை. நான் பாஸ்போர்ட்டை எடுத்தேன், மன்னிப்பை எடுத்தேன், ஜெயிலில் தோசை எப்படி இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் எதையும் பார்க்கவில்லை. கேமராவையே பார்த்தார்.

“இது லூர்து அண்ணன் கேமரா இல்ல?”

“ஆமாம். நான் வாங்கிட்டேன்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, லென்ஸ் மூடியை விரல்நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எனக்கு சோறு போட்டது இதுதாங்க. இதுல எடுத்த போட்டோ ஒட்டித்தான் நான் பர்மனென்ட் ஆனேன். இப்ப எங்க கொண்டு போறீங்க?”

“சிங்கப்பூருக்கு.”

அவர் முகம் தொங்கிப்போனது. ஊர்த் தேரை விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். ஆனாலும் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வெளியே போகும் பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார். நான் டீ குடித்த நேரத்தில் ஒரு ஷிஃப்ட் உள்ளே போனது, ஒரு ஷிஃப்ட் வெளியே வந்தது. போனவர்களிடமும் வந்தவர்களிடமும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பலாப்பழத்தை நான் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை லாட்ஜ் மேனேஜர் கதவைத் தட்டினார். “சார், உங்களப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க. கேமராவையும் எடுத்துகினு வரச் சொன்னாங்க.”

கீழே நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்தை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட காட்டன் சுடிதார், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தார். பெயர் ஸ்டெல்லா. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர். படிப்பு முடிந்ததிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட்.

“சார், நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க சொன்னாங்க, நீங்க கேமராவ எடுத்துகினு போறீங்கன்னு. எனக்கு ஒரு போட்டோ புடிச்சிக் குடுத்துட்டுப் போங்க.”

விஷயம் இதுதான். பர்மனென்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்று மாலைதான் கடைசி. அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான்.

“இவ்வளவு நாள் ஏன் எடுக்கலை?”

“அண்ணன் கேமரா எங்க போயிடப்போவுதுன்னு ஆஃப் டேக்கு வெச்சிருந்தேன் சார். இப்படி பிளேன் ஏறிப் போவும்னு யாரு கண்டா?”

எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. அதை அப்போதே சொல்லியும் விட்டேன். படித்த பெண் இப்படிப் பேசலாமா, செல்போனில் எடுத்தால் இதைவிடத் துல்லியமாக வரும் என்றேன்.

“அப்ப நீங்க எதுக்கு சார் சிங்கப்பூர்லருந்து வந்தீங்க?”

“இதில் வருகிற நிறத்துக்காக.”

“அந்த நெறம் எல்லாருக்கும் தெரியுமா?”

“பழகின கண்ணுக்குத் தெரியும்.”

“எங்க ராசியும் அப்படித்தான் சார், பழகினவங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஸ்டுடியோவில் நான் கேமராவை லூர்துசாமியிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“நான் தொடக்கூடாது சார். காசு கைமாறியாச்சு. இப்ப அதோட ராசி உங்க கைக்கு வந்திருச்சு. நான் புடிச்சா வெறும் போட்டோதான்.”

“ஆமாங்க சார். சொந்தக்காரங்க கைதான் கணக்கு” என்றார் ஸ்டெல்லா. ஊர்ச் சட்டம் இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருந்தது. லூர்துசாமியின் முகத்தில் இத்தனை வருஷம் இல்லாத நிம்மதி. “இனிமே புகார் வந்தா எல்லாம் சிங்கப்பூருக்குத்தான்” என்று தன் விசிட்டிங் கார்டின் பின்னால் என் எண்ணை எழுதி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

நான் அந்தக் கேமராவின் சென்சாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். அதன் பேட்டரியின் வேதியியல் தெரியும். எந்தத் தொழிற்சாலையில் எந்த வருஷம் செய்தார்கள் என்று தெரியும். எதிரே ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, என்னை நம்பிப் பார்த்தபோது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. துளசியிடம் முகவாயைத் தூக்கு என்று சொல்லிப் பழக்கமில்லையே. முதல் படத்தில் ஸ்டெல்லாவுக்குக் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் தலை பாதி. மூன்றாவதில் பின்னால் இருந்த வெள்ளைத் திரை மட்டும் மிகத் துல்லியமாக வந்திருந்தது. லூர்துசாமி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் ஜெபம் மாதிரி ஏதோ முணுமுணுத்தார். பேட்டரி அடையாளம் மினுங்க ஆரம்பித்தது. அந்த மாதிரி பேட்டரி உலகத்தில் இனி யாரும் செய்வதில்லை.

“சார், மொதல்ல நீங்க மூச்ச விடுங்க” என்றார் ஸ்டெல்லா.

“நீங்களும்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க.”

சும்மா இருக்க முடியாமல், பர்மனென்ட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“எங்க வூடு வளையமாதேவி பக்கம் சார். நெலம் மைன்ஸுக்குப் போச்சு. வந்த பணம் அண்ணன் கல்யாணத்துல, அப்பா வைத்தியத்துல போச்சு. வேலை ஒண்ணுதான் மீதின்னு அப்பா சொல்லிக்கினே இருந்தாரு, அவரும் போயிட்டாரு. பர்மனென்ட் ஆனா ஒரு குவார்ட்டர்ஸ் கெடைக்கும். அம்மாவ இட்டுகினு வந்து வெச்சிக்கலாம். கம்பெனியோட பெரிய ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்குச் சீட்டு கெடைக்கும்.” துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். “அதெல்லாம் கூட வேணாம் சார். ஒர்க்‌ஷாப்புல நான் சொல்லிக்குடுத்த பசங்க பர்மனென்ட் ஆயி, இப்ப எனக்கே வேலை சொல்றாங்க. அவங்க கேன்டீன்ல ஒரு நாள் ஒக்காந்து சாப்புடணும். அவ்ளோதான்.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவரே லேசாகச் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பதுபோல் உடனே வாயை மூடினார். அந்த இரண்டுக்கும் இடையில் நான் அழுத்திவிட்டேன்.

படம் வந்தது. கேமராவின் தீப்பெட்டித் திரையில் ஒன்றும் தெரியாது. லூர்துசாமியின் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். எங்கள் குழு இத்தனை வருஷமாக எழுதியது பொய்யில்லை. நெற்றி வியர்வையின் மினுமினுப்பு, கண்ணுக்குக் கீழே இரவு ஷிஃப்டுகளின் கருமை, கன்னத்தில் அந்தத் தேன் நிறம். ஒரு உயிருள்ள மனுஷி நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நல்ல படம் அதுதான்.

“சார், காதுல இந்தக் கம்மல் கொஞ்சம் தேஞ்சது தெரியுது” என்றார் ஸ்டெல்லா. ஆனால் அவரும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிரவுசிங் சென்டர் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே இருந்தது. கண்ணாடித் தடுப்பு, வரிசையில் நாலைந்து விண்ணப்பக்காரர்கள், நடுவில் அதன் சொந்தக்காரர். பென் டிரைவை வாங்கிச் செருகியவர், பொத்தானை அழுத்தினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

“ஏறாது சார். அம்பது கேபிக்குள்ள இருக்கணும். இது எங்கியோ இருக்கு.”

“அப்படின்னா?”

“நசுக்கணும்.”

நசுக்கினார். கண் எதிரே படம் சுருங்கியது. மறுபடி சிவப்பு எழுத்து. மறுபடி நசுக்கினார். கன்னத்துத் தேன் நிறம் முதலில் மஞ்சளானது, பிறகு சாம்பலானது. கண்ணுக்குக் கீழிருந்த கருமை நாலு சதுரக் கட்டங்களாகிப்போனது. நான் துடித்துப்போய், “ஐயோ, நிறம் போகுதுங்க!” என்றேன்.

“அவங்களுக்கு நெறம் வேணாம் சார், கேபிதான் வேணும்” என்றார் அவர். “செல்லுல புடிச்சிருந்தாலும் இதே மூஞ்சிதான் வந்திருக்கும்.”

மூன்றாவது நசுக்கலில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம் மிஞ்சியது. அது ஸ்டெல்லாவாகவும் இருக்கலாம், லூர்துசாமியாகவும் இருக்கலாம். அதை ஏற்றும்போது, பச்சைக் கோடு முக்கால்வாசி நகர்ந்திருந்தபோது, கரண்ட் போனது.

டவுன்ஷிப்புக்குள் கரண்ட் போகாது. எல்லைச் சுவரைத் தாண்டினால் போகும். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து, கையில் கிடைத்த பேப்பரால் விசிறிக்கொண்டு நின்றோம். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தன. ஸ்டெல்லா அதைப் பார்த்து, “அங்கதான் சார் தயார் பண்றாங்க” என்று சுற்றுலா வழிகாட்டி மாதிரி கை காட்டினார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மற்றொரு கை என் கேமராவின் பட்டையை இறுகப் பிடித்திருந்தது. கோயிலில் கூட்டத்தில் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. நான் அந்தப் பக்கம் சரிந்தபடியே நின்றேன்.

பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. படம் ஏறியது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை சொன்னதும் வரிசையில் இருந்த முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். ஸ்டெல்லா அந்த நசுக்காத பெரிய படத்தை எங்கள் குழுவில் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி கொடுத்தார். “எல்லாரும் பாக்கட்டும் சார், நல்லாத்தான இருக்கேன்” என்றார். மறுநாள் நான் கிளம்பும்போது, தன் முத்தாண்டிக்குப்பத்து அத்தை வீட்டிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். ஒரு தோளில் கேமரா, மறு தோளில் பலா. இரண்டும் ஒரே கனம். பிளேனில் ஏற்ற முடியாது என்று பழத்தைச் சென்னையில் ஓட்டல்காரர்களுக்குத் தானம் கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் ஒரு பாக்கெட் பலாச் சிப்ஸ் வாங்கினேன். சுமதி அதைக் குலதெய்வத்தின் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

படத்தைக் குழுவில் போட்டேன். இத்தனை வருஷத் துளசிக்குக் கிடைக்காத வரவேற்பு. தோல் நிறத்தைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள், இதைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் எழுதினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் யார், எத்தனை வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறாள், இந்தப் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். பின்லாந்துக்காரர் முதல் ஆளாகப் பதில் போட்டார். “மனதைத் தொட்டது. எந்த லென்ஸ்?”

பரீட்சை நடந்தது, நேர்முகமும் நடந்தது என்று லூர்துசாமி அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். நேர்முகத்துக்கு அழைத்தார்கள் என்றதும் நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்டவர்களுக்குக் குலதெய்வத்தைக் காரணம் சொன்னேன். அப்புறம் சில மாதம் சத்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுமதி சந்தைக்குப் போயிருந்தபோது, இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

“சார், ஸ்டெல்லா பேசறேன். லிஸ்ட் வந்திருச்சு. எம் பேரு இல்ல சார்.”

புகார் சொல்ல வேண்டிய இடம் நான்தான் என்று லூர்துசாமி எழுதிக் கொடுத்த கார்டு ஞாபகம் வந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க சார்” என்றார். “லூர்து அண்ணன்தான் சொன்னாரு, அந்த சிங்கப்பூர் சாரு இத நெனச்சுகினே இருப்பாரு, நீயே ஒரு வார்த்த சொல்லிடுன்னு. கேமரா மேலயும் தப்பில்ல, உங்க கை மேலயும் தப்பில்ல. அம்பது கேபியில எவ்ளோ ராசிதான் சார் தங்கும்?”

சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் பின்னால் சங்கு ஊதியது. “ஷிஃப்டுக்கு நேரமாச்சு சார், வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டார்.

கேமரா அலமாரியில், நான் வாங்கிப்போட்ட ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவே, சொகுசாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனாலும் அதை வெளியே எடுத்து, மேஜைமேல் வைத்து, யாருமில்லாத வீட்டில் அதன் லென்ஸைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன்: “ஏன்டா, அத்தனை பேரை பர்மனென்ட் ஆக்கினியே, இன்னும் ஒரே ஒரு ஆளு. உன்னால முடியலையா?”